பிரேக் இல்லாத சைக்கிளும் 42 பாகைச் சரிவும்: முதல் தடவை மரத் தடத்தில் ஓடப் போகும் தம்பிக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. விடியக் காலையில் ரோட் பைக்கில் கல்லாறு தாண்டி கல்முனை வரை ஓடிவிட்டு வேலைக்குப் போகிறவர். அடுத்த மாதம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். அத்தான் அவருக்காக ஒலிம்பிக் நடந்த உள்ளரங்க வெலோட்ரோமில், அதாவது சைக்கிளோட்டத்துக்கென்றே கட்டிய வட்டத் தடத்தில், ஒரு மணித்தியால அறிமுக ஓட்டம் பதிவுசெய்து வைத்திருக்கிறாராம். "சைக்கிளுக்கு பிரேக் இல்லையாம், காலை நிப்பாட்டவும் ஏலாதாம். வளைவு சுவர் மாதிரி நிற்குது. வீடியோ பார்த்ததிலிருந்து வயிறு கலங்குது. விழுந்துவிடுவேனா? இங்கிருந்தே எதையாவது பழகிக்கொண்டு போகலாமா? திரும்பி வந்த பிறகு எங்கே ஓடுவது?" என்று கேட்கிறார்.

தம்பி, பயப்படாமல் போங்கள். நான் பார்த்த வரையில் முதல் நாளிலேயே விழுகிறவர்கள் குறைவு. அப்படி விழுகிறவர்களும் வேகமாக ஓடி விழுவதில்லை; பயத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் விழுகிறார்கள். வளைவில் கால் ஓயக் கூடாது, வேகம் இறங்கக் கூடாது. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால் மிச்சத்தைப் பயிற்றுநர் சொல்லித் தருவார். சில வருடங்கள் லண்டனில் இருந்த காலத்தில் நான் அந்தத் தடத்தில் ஓடியிருக்கிறேன். இப்போது கல்லடியில் இருந்துகொண்டு உங்களைப் போலவே காலையில் ரோட்டில் ஓடுகிறேன். இரண்டையும் தெரிந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் போகும் இடம் ஸ்ட்ராட்போர்டில் இருக்கும் லீ வேலி வெலோபார்க். 2011இல் கட்டி முடித்தார்கள். 2012 ஒலிம்பிக்கில் தட சைக்கிளோட்டத்துக்கு இருந்த 10 தங்கங்களில் 7ஐ பிரித்தானியா அங்கே வென்றது. கிறிஸ் ஹோய் தன் ஆறாவது ஒலிம்பிக் தங்கத்தை எடுத்ததும் அந்தப் பலகையில்தான். 2015 ஜூனில் பிராட்லி விக்கின்ஸ் அங்கே ஒரு மணித்தியாலத்தில் 54.526 கிலோமீற்றர் ஓடி அப்போதைய உலக சாதனையை வைத்தார். உங்கள் வீட்டிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய்த் திரும்பி வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அவ்வளவு, ஒரே மணித்தியாலத்தில், தனி ஆளாக. பிறகு 2022 ஒக்டோபரில் இத்தாலியரான பிலிப்போ கன்னா சுவிற்சர்லாந்தில் உள்ள கிரென்சென் தடத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடி அதையும் தாண்டிப் போனார். இப்படிப்பட்டவர்கள் ஓடிய அதே பலகையில், பதிவுசெய்தால் உங்களையும் என்னையும் ஓட விடுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயமாகவே படுகிறது. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் யார் வேண்டுமானாலும் ஓடிப் பார்க்கலாம், ஆனால் அங்கே ஒலிம்பிக் நடக்கவில்லையே.

தடத்தின் நீளம் 250 மீற்றர். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பார்த்த 400 மீற்றர் வட்டத்தை விட நல்லாய்ச் சின்னது. மேற்பரப்பு முழுக்க சைபீரிய பைன் மரச் சட்டங்கள். எல்லாவற்றையும் நீட்டிப் போட்டால் 56 கிலோமீற்றர் வருமாம். அதை அடித்துப் பொருத்த 26 தச்சர்களுக்கு எட்டுக் கிழமை பிடித்திருக்கிறது. ஏறத்தாழ 350,000 ஆணி. சட்டங்கள் நாங்கள் ஓடும் திசையிலேயே நீளமாகப் படுத்திருக்கும். அதனால் ரயருக்குக் கீழே மூட்டு எதுவும் தட்டாது. A4 வீதியிலே ஒவ்வொரு மதகுக்கும் கை அதிர்ந்து பழகிய எங்களுக்கு முதல் இரண்டு சுற்றிலும் அதுதான் அதிசயமாக இருக்கும். சத்தமும் அப்படியே. தாரில் ரயர் இரைகிற சத்தம் இல்லை. மரத்துக்கு அடியில் வெறும் வெளி என்பதால் ஒரு ஆழமான உறுமல்தான் கேட்கும். பின்னால் ஒருவர் வருவதைக் கண்ணுக்கு முன்னே காது சொல்லிவிடும்.

சரி, சரிவு. வளைவில் 42 பாகை. நேர்ப்பகுதி என்று சொல்கிற இடத்திலும் 12 பாகை உண்டு, அதாவது முழுக்கத் தட்டையான இடம் அந்தத் தடத்தில் எங்கேயும் இல்லை. தடத்தின் அகலம் 7 மீற்றரளவு என்பதால் வளைவின் மேல் விளிம்பு கீழ் விளிம்பை விட நாலரை மீற்றருக்கு மேல் உயரத்தில் நிற்கும். நடந்து ஏறப் பார்த்தால் சப்பாத்து வழுக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது "இதிலே எப்படிச் சைக்கிள் நிற்கும்" என்றுதான் எவருக்கும் தோன்றும்.

கார்னிவலில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரன் பலகைச் சுவரில் படுத்தபடி சுற்றுகிறானே, அவனைச் சுவரோடு ஒட்ட வைப்பது அவன் வேகம்தான். இங்கேயும் அதே கணக்கு, அவ்வளவு பயங்கரம் இல்லாமல். வளைவில் திரும்புகிற உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவது போல உணரும். அந்தத் தள்ளலும் உங்கள் பாரமும் சேர்ந்து எந்தத் திசையில் அழுத்துகிறதோ, அந்தத் திசைக்குப் பலகை நேரே முகம் கொடுத்தால் ரயர் எந்தப் பக்கமும் வழுக்காது. 42 பாகைச் சரிவில் அந்தப் பொருத்தம் முழுதாக வருவது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தில். அந்த வேகத்தில் சைக்கிள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும், உங்கள் பாரம் மூன்றிலொரு பங்கு கூடினது போல் இருக்கும். 30 கிலோமீற்றரில் ஓடும்போது மீதியை ரயரின் உராய்வு தாங்குகிறது. நல்ல ரயரும் சுத்தமான மரமும் அதைத் தாராளமாகத் தாங்கும். 20க்கு இறங்கினால் உராய்விடம் நிறையக் கேட்கிறீர்கள், ரயர் கீழ்ப்பக்கமாக வழுக்கிப்போகும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று ரோட்டில் படித்த பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் மெதுவாகச் சைக்கிள் ஓடிப் பரிசு எடுத்தவர்களுக்கும் அங்கே அந்தத் திறமை உதவாது.

30 கிலோமீற்றர் என்பது உங்களுக்குப் புதிய வேகம் இல்லை. காற்று எதிர்க்காத காலையில் பெரியநீலாவணைப் பக்கம் நீங்கள் ஓடுகிற வேகம்தான். அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 30 செக்கன்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் பாதி அதனால் வருகிறது. பிரேக் இல்லை, கியர் மாற்ற முடியாது, பிரீவீல் இல்லை. பின் சில்லு சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றும். வாடகைச் சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 48, பின்னால் 15 பல் அல்லது அதற்குக் கிட்டிய ஒரு சேர்க்கை இருக்கும். பெடலை ஒரு தடவை சுற்ற ஆறே முக்கால் மீற்றரளவு போகும், ஒரு சுற்றுக்கு 37 தடவை. மணிக்கு 30 கிலோமீற்றரில் கால் நிமிடத்துக்கு 74 தடவை சுற்றும், 36 கிலோமீற்றரில் 90 அளவுக்கு வரும். வளைவில் உட்பக்கப் பெடல் பலகையில் தட்டாமல் இருக்க பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை ரோட் பைக்கை விடக் குட்டையாகவும் அதன் அச்சைக் கொஞ்சம் உயரமாகவும் வைத்திருப்பார்கள். அதனால் ஏறி உட்காரும்போது சீற் உயரம் வித்தியாசமாகத் தெரியும். உயரம் பிழை என்று அவசரப்பட்டு மாற்றச் சொல்ல வேண்டாம், இரண்டு சுற்று ஓடிவிட்டுச் சொல்லுங்கள்.

பிரேக் இல்லாததுதான் அந்தத் தடத்தின் பாதுகாப்பு என்று சொன்னால் நம்புவீர்களா? எல்லாரும் ஒரே திசையில், இடஞ்சுழியாக, ஒரே அளவு வேகத்தில், ஒருவர் சில்லுக்குப் பின்னால் ஒருவர் சில்லு வைத்து ஓடுகிறார்கள். அதில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அவர் மேல்தான். யாருக்கும் பிரேக் இல்லை என்றால் யாரும் திடீரென்று நிற்க மாட்டார்கள். முன்னால் போகிறவரை நம்பி ஓடலாம். காத்தான்குடிச் சந்தியிலோ கல்முனை பஸ் நிலையத்தடியிலோ இந்த நம்பிக்கையோடு ஒரு நிமிடம்கூட ஓட முடியாது.

இனி அந்த நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். ஈஸ்ட்ஹாமில் டிஸ்றிக்ற் லைன் ஏறி வெஸ்ட்ஹாமில் இறங்கி, ஜுபிலி லைனில் ஸ்ட்ராட்போர்ட். அங்கிருந்து ஒலிம்பிக் பூங்காவுக்குள்ளால் நடக்க இருபது நிமிடம் மட்டில் ஆகும். இரண்டு பக்கமும் மேலே வளைந்த கூரையும், பழுப்பு நிறச் செடார்ப் பலகை அடித்த வெளிச்சுவரும் தூரத்திலேயே தெரியும். குறித்த நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாகப் போய்விடுங்கள். அக்கா வீட்டில் சாப்பிடாமல் விட மாட்டார்கள் என்று தெரியும், ஆனால் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுப் போக வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன்னே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். குனிந்து ஓடும்போது நிறைந்த வயிறு மூச்சைப் பிடிக்கும்.

உடுப்பு இறுக்கமாக இருக்கட்டும். தொங்குகிற நாடா, சால்வை, அகலக் கால் களிசான் ஒன்றும் கூடாது. நிற்காத செயினில் ஒரு சப்பாத்து நாடா சிக்கினால் அது காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நாடாவை முடிந்து உள்ளே செருகுங்கள். கையுறை கட்டாயம்; விழுந்தால் உள்ளங்கைதான் முதலில் பலகையில் போய் நிற்கும், மரச் சிராய் ஏறும். ஹெல்மெற் அங்கேயே தருவார்கள். பெடல் என்ன வகை என்று அத்தானிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். சப்பாத்தைப் பெடலில் கொழுவ வைக்கும் கிளீற் போட்டுப் பழக்கமில்லாவிட்டால் பட்டி போட்ட பெடலோ கொழுவும் சப்பாத்தோ எது தந்தாலும், சைக்கிள் நிற்கும்போதே நாலைந்து தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

தடத்துக்கு அடியால் போகும் வழியால் நடுவெளிக்கு ஏறுவீர்கள். உள்ளே சூடாக இருக்கும். சூடான காற்று ஐதானது, ஐதான காற்று குறைவாகத் தடுக்கும் என்பதால் இப்படியான அரங்குகளை வேண்டுமென்றே வெப்பமாக வைப்பார்கள். 26, 28 பாகை செல்சியஸ் அளவில். லண்டன்காரர் வேர்த்து வழிவார்கள், நமக்கு மார்கழி விடியல் மாதிரித்தான். ஆனாலும் தண்ணீர் கொண்டு போங்கள். அந்தச் சைக்கிளில் போத்தல் வைக்க இடம் இல்லை, நடுவெளியில் வைத்துவிட்டு இடைவேளையில்தான் குடிக்கலாம்.

பிறகு பயிற்றுநர் கோடுகளைக் காட்டுவார். இதைக் கவனமாகக் கேளுங்கள், அங்கே போக்குவரத்து விதி இந்தக் கோடுகள்தான். ஆக உட்பக்கம் நீல நிறப் பட்டை. ஏறவும் இறங்கவும் வேகம் எடுக்கவும் மட்டும் அது. அதற்கு மேலே 20 சென்ரிமீற்றரில் கறுப்புக் கோடு. 250 மீற்றர் என்று அளப்பது இந்தக் கோட்டில்தான், ஆகக் கிட்டிய பாதையும் இதுதான். அதற்கு மேலே, பட்டையிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் சிவப்புக் கோடு. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் ஓடுகிறவர் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். அவருக்கு உட்பக்கத்தால் யாரும் நுழையக் கூடாது, முந்துவதென்றால் வலப்பக்கமாக, மேலால்தான். அதற்கும் மேலே, பட்டையிலிருந்து இரண்டரை மீற்றர் மட்டில், ஒரு நீலக் கோடு. ஆறுதலாக ஓடுகிறவர்களும் கூட்டமாகச் சுற்றுகிறவர்களும் அதற்கு மேலே போவார்கள். மேலே ஏற ஏறச் சுற்று நீளும். நீலக் கோட்டில் பத்து மீற்றருக்கு மேல் கூடும், மேல் விளிம்போடு ஓடினால் முப்பது மீற்றரளவு கூடும்.

தொடக்கம் கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி. காலை மாட்டி, இடப்பக்கக் கம்பியைத் தள்ளிக்கொண்டு புறப்படுவீர்கள். முதலில் சரிவான தடத்துக்கு உள்ளே இருக்கிற தட்டைப் பகுதியில் இரண்டு மூன்று சுற்று. அப்போதே ஒரு தடவை உங்கள் கால் நிற்கப் பார்க்கும், நின்ற கணமே பெடல் காலைத் தூக்கி எறிவது போல் உந்தும். எல்லாருக்கும் நடப்பது. பதறாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு நீலப் பட்டை, அடுத்து கறுப்புக் கோடு.

முதல் தடவை கறுப்புக் கோட்டில் வளைவுக்குள் நுழைகிற இடத்தைப் பற்றித்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். நேர்ப்பகுதி முடிகிற இடத்தில் பலகை முன்னாலே எழும்பி வருவதாகக் கண்ணுக்குத் தெரியும். கை தானாக இறுகும், காலுக்கு ஓயச் சொல்லித் தோன்றும், கண் சரிவின் மேல் விளிம்பைப் பார்க்கும். மூன்றும் கூடாது. கண்ணை வளைவு போகிற வழியில், இடப்பக்கமாக இருபது மீற்றர் முன்னாலே கொண்டு போங்கள். சைக்கிளைச் சரிக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். கோட்டைப் பார்த்து மிதித்தால் அது தானாகச் சாய்ந்து தானாகத் திரும்பும். நடுவளைவில் நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள் என்பதே தெரியாது, மற்றக் கரையில் இருக்கிற கதிரைகள்தான் சரிந்து நிற்பதாகத் தோன்றும். பத்துச் செக்கன் மட்டில்தான், அடுத்த நேர்ப்பகுதிக்கு வந்திருப்பீர்கள். தோளைத் தளர்த்தி ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வளைவில் பயம் பாதி, ஐந்தாவது சுற்றில் அதை நினைக்க நேரம் இருக்காது, ஏனென்றால் தொடை எரியத் தொடங்கியிருக்கும்.

ஓம், தொடை எரியும். ரோட்டில் ஓடும்போது நாங்கள் நினைப்பதை விட அடிக்கடி காலை ஓய்க்கிறோம்: ஒரு குழி, ஒரு மாடு, பின்னால் ஹோர்ன் அடிக்கிற பஸ். தடத்தில் அந்தச் சின்னச் சின்ன ஓய்வு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பயிற்றுநர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கி இளைப்பாற விடுவார்கள்.

அப்புறம் மேலே ஏறச் சொல்வார்கள். கறுப்பிலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து நீலத்துக்கு. ஏறுவதற்கு முன் வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பாருங்கள், பிறகு ஏறுங்கள். பார்க்காமல் ஏறுவதுதான் அங்கே நடக்கிற மோதல்களுக்கு முக்கியக் காரணம். ஏறுகிற இடத்தில் கொஞ்சம் கூட மிதிக்க வேண்டும், ஏற்றம்தானே. இறங்கும்போது அந்த வேகம் இலவசமாகத் திரும்பிக் கிடைக்கும்: மேல் விளிம்பிலிருந்து கறுப்புக் கோட்டுக்கு விழுந்து வரும் அந்த மூன்று நாலு செக்கன்கள் இருக்கிறதே, தட்டை நிலத்தில் பிறந்து தட்டை நிலத்தில் ஓடிய நமக்கு அது வேறெங்கும் கிடைக்காத சந்தோஷம். இரண்டாவது அரை மணித்தியாலத்தில் பயிற்றுநர் அனுமதித்தால் வாய்ப்பைக் கட்டாயம் எடுங்கள். குறுந்தூர ஓட்டக்காரர்கள் கடைசி 200 மீற்றருக்கு வேகம் எடுப்பதும் இப்படி மேலே ஏறி விழுந்துதான்.

நிற்பது எப்படி என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஏறினால் வேகம் குறையும், இறங்கினால் கூடும். சரிவுதான் உங்கள் பிரேக். முன்னால் போகிறவரை நெருங்கிவிட்டால் அரை மீற்றர் மேலே ஏறுங்கள், வேகம் குறைந்துவிடும். முழுதாக நிற்பதற்கு, கறுப்புக் கோட்டுக்கு இறங்கி, மிதிக்கிற பலத்தைச் சுற்றுக்குச் சுற்று குறைத்து, நீலப் பட்டைக்கும் அங்கிருந்து உட்புறத் தட்டைப் பகுதிக்கும் வாருங்கள். அங்கே வந்த பிறகு, மேலே எழும்புகிற பெடலைக் காலால் மெல்ல எதிர்த்தால் சில்லு தளரும். கம்பிக்குக் கிட்ட வரும்போது நடை வேகம்தான் இருக்கும், கையைப் போட்டுப் பிடியுங்கள். காலைக் கழற்றுவது அதற்குப் பிறகு. ஓடிக்கொண்டிருக்கும்போதே காலைக் கழற்றப் பார்ப்பது கூடவே கூடாது. நிற்க முடியாமல் போய்விட்டால் இன்னும் ஒரு சுற்று ஓடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

அறிமுக ஓட்டத்துக்குப் பிறகு நாலு படியுள்ள தகுதிப் பயிற்சி இருக்கிறது. அதை முடித்தவர்கள்தான் கூட்டமாக ஓடும் நேரங்களில் சேரலாம், போட்டியும் ஓடலாம். அதில் கற்பிப்பவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது வரிசை ஓட்டம். நாலைந்து பேர் ஒரே கோட்டில், சில்லுக்கும் சில்லுக்கும் அரை மீற்றர் இடைவெளியில் ஓடுவார்கள். காற்றை வெட்டுகிற முதல் ஆள் வளைவுக்குள் நுழையும்போது மேலே ஏறிவிடுவார், மற்றவர்கள் கீழால் போய்விடுவார்கள், அவர் சரிவில் விழுந்து கடைசி ஆளின் சில்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார். ஒருவரும் வேகத்தை மாற்றவில்லை, ஒருவரும் பிரேக் தொடவில்லை, வரிசை மட்டும் மாறிவிட்டது. லண்டனில் நிற்கிற நாட்களுக்குள் பணமும் நேரமும் இருந்தால், வேறு எதையாவது சுற்றிப் பார்ப்பதை விட்டு முதலாம் படிக்காவது பதிவுசெய்யுங்கள். அறிமுக மணித்தியாலத்தில் பாதி பயத்திலேயே கழிந்துவிடும், கோடு பிடித்து ஓடுவதை அடுத்த தடவைதான் உண்மையில் அனுபவிப்பீர்கள்.

இங்கிருந்து பழகிக்கொண்டு போகக்கூடியவை இருக்கின்றன. விடிய ஐந்து மணிக்கு, பஸ் தொடங்கும் முன், ஒரே கியரில் வைத்து ஒரு மணித்தியாலம் காலை ஓய்க்காமல் ஓடிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்று தெரியும், இரண்டு கிழமையில் கால் பழகிவிடும். கியரைக் கனமாக வைக்க வேண்டாம், நிமிடத்துக்கு 85, 90 சுற்று வருகிற மாதிரி வையுங்கள். பட்டிருப்புப் பாலம் தாண்டி போரதீவு, வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குள்ளால் போகிற வீதி இதற்கு நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கம் எதிர்க்காற்றில் போவது ஒன்றாந்தரப் பயிற்சி: காலை நிப்பாட்டினால் சைக்கிளும் நின்றுவிடும் என்பதால் கால் தானாக ஓய்வை மறந்துவிடும். வீதி ஓரத்து வெள்ளைக் கோட்டில் சில்லை வைத்துக்கொண்டு, கோடு விலகாமல் வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். முதலில் திரும்பிய பக்கமே சைக்கிளும் இழுக்கும். ஹாண்டிலை இறுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பினால் சரியாகிவிடும். வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியில் பத்து நிமிடமாவது தொடர்ந்து ஓடுங்கள், தடத்துச் சைக்கிளில் பிரேக் கொம்பில் கை வைத்து ஓடும் பிடி இல்லை. ஓடுகிற கூட்டாளி ஒருவர் இருந்தால் அவர் பின் சில்லுக்கு ஒரு மீற்றர் பின்னால் ஓடிப் பழகுங்கள், ஆனால் சில்லைப் பார்க்க வேண்டாம், அவர் தோளைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தடத்துச் சைக்கிளுக்கு பிரேக் இல்லை என்பதற்காக உங்கள் ரோட் பைக்கின் பிரேக்கைக் கழற்றிவிட்டு இங்கே பழகப் போக வேண்டாம். இரவிலும் விடியலிலும் எங்கள் வீதிகளில் மாடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கின்றன. ஒழுங்கையிலிருந்து முச்சக்கரவண்டி எப்போது தலை நீட்டும் என்று யாருக்கும் தெரியாது. பிரேக் இல்லாமல் ஓடுவது மூடிய தடத்துக்கு மட்டும் உரியது. பிரீவீலை வெல்ட் அடித்து, பெடல் எப்போதும் சில்லோடு சேர்ந்தே சுற்றும் பிக்ஸட் ஆக்கித் தருகிறோம் என்று சொல்கிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். சாதாரண ஹப்பில் பிரீவீல் ஏறுகிற மரை முன்னால் மிதிக்க இறுகும், பின்னால் எதிர்த்தால் கழரும். தடத்துச் சைக்கிளின் ஹப்பில் அது கழராமல் இருக்க எதிர்த் திசை மரையோடு இன்னொரு பூட்டு வளையம் உண்டு. வெல்ட் அடித்ததில் அது இல்லை, நீங்கள் நிற்க நினைத்து எதிர்க்கிற அந்த நேரத்தில்தான் கழன்று போகும்.

திரும்பி வந்த பிறகு எங்கே ஓடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் உள்ளரங்க மரத் தடம் கிடையாது. இந்தியாவில் டெல்லியில் 2010 பொதுநலவாய விளையாட்டுக்காகக் கட்டிய இந்திரா காந்தி அரங்கில் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் திறந்தவெளி கொங்கிறீற் தடம் ஒன்று உண்டு. திறந்தவெளித் தடத்துக்குக் கூரையும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம், பைன் மரமும் வேண்டாம். இந்தக் கரையோரம் முழுக்க, பொத்துவிலிலிருந்து வாகரை வரைக்கும், ஏற்றம் இல்லாத வீதியில் காற்றோடு மல்லுக்கட்டிச் சைக்கிள் மிதித்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடர்ந்து மிதிக்கிற அந்தக் கால்தான் தட ஓட்டத்துக்கு வேண்டிய கால். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அப்படி ஒரு தடம் வேண்டும் என்று நான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களைப் போல ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்கள் கூடினால் அந்தப் பேச்சுக்குப் பலம் வரும்.

அதுவரைக்கும், லண்டனில் நிற்கும்போது பழைய தடச் சைக்கிள் ஒன்றின் பின் சில்லை, பூட்டு வளையத்தோடு, யாரிடமாவது வாங்க முடிந்தால் பையில் கொண்டு வாருங்கள். இங்கே ஒரு பழைய பிரேமில் பொருத்தலாம். அச்சின் அகலம் 120 மில்லிமீற்றர், உங்கள் பிரேமின் பின் இடைவெளியை முதலே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முன் பிரேக்கைக் கட்டாயம் வைத்துத்தான் பொருத்த வேண்டும். பல் சேர்க்கையும் தடத்தில் உள்ளதை விட இலகுவாக, முன்னால் 44, பின்னால் 17 என்ற அளவில் இருக்கட்டும். கச்சான் காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் போய்வர அது போதும்.